மேகத்தின் அடி

கோடு போட்ட முழுத்தாள் அது. நீல மையில், எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல், பதிவேட்டில் எண்களை எழுதிப் பழகிய ஒரு கை எழுதியது. அந்தத் தாளில் ‘அடி’ என்ற சொல்லை இரண்டு இடங்களில் சிவப்புப் பேனாவால் அடித்து, மேலே ‘உயரம்’ என்று எழுதினேன். அதற்குக் கீழே நான்கு வரிகளைச் சுற்றிக் கட்டம் போட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். பத்திரிகையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிறர் எழுதியதைத் திருத்தியவன் நான். திருத்திய தாள்களில் கண்ணை மூடினால் தெரிவது இந்த ஒன்றுதான். கண்ணை மூடினால் மட்டும்தான் தெரியும். அடுத்த இரண்டு நாளில் அதை நானே கிழித்துப் போட்டுவிட்டேன்.

அதை எழுதியவரை எங்கள் அலுவலகத்தில் வானிலை அக்கா என்போம். விமான நிலையத்தின் வானிலைப் பிரிவில் அவருக்கு வேலை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் என்னைச் ‘சார்’ என்றுதான் அழைப்பார். நான் அப்போது ஒரு மலேசியத் தமிழ் நாளிதழின் ஜொகூர் பாரு கிளையில் துணையாசிரியர். ஞாயிற்றுக்கிழமை வெளிவரும் ஜொகூர்ப் பக்கம் என் பொறுப்பு. அதில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அக்கா வானத்தைப் பற்றி எழுதுவார். காலைப் பணி முடிந்ததும் கப்சாய் மோட்டார் சைக்கிளில் கட்டுரையோடு வந்துவிடுவார். துணிக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். கீழே அஞ்சடி நடைபாதையின் ஓரத்தில் வண்டியை நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றியதும் முதலில் அண்ணாந்து பார்ப்பார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். வேலை முடிந்து வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. பக்கம் வடிவமைக்கும் எங்கள் நண்பர் சன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்துவார்.

“அக்கா, இன்னிக்கு மழை இருக்கா இல்லையா? துணி காயப் போட்டுட்டு வந்துட்டேன்.”

“துணியையே கேளுங்க லா. என்னைவிட அதுக்குத்தான் முதல்ல தெரியும்.”

அவருடைய வேலை என்னவென்று ஒரு முறை கேட்டு எழுதிக்கொண்டேன். மணிக்கொரு தடவை வெட்டவெளிக்கு வந்து நிற்க வேண்டும். வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, எத்தனை பங்கை மேகம் மூடியிருக்கிறது என்று கண்ணால் அளக்க வேண்டும். எந்த வகை மேகம், அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது என்றும் எழுத வேண்டும். இறங்க வரும் விமானிக்கு முக்கியம் இந்தக் கடைசி எண்தான். மேகத்தைவிட்டு எந்த உயரத்தில் வெளியே வருவோம், ஓடுபாதை எப்போது கண்ணில் படும் என்பது அதைப் பொறுத்தது. அளப்பதற்குக் கருவி வந்துவிட்டாலும் அக்காவுக்குத் தன் கண்மேல்தான் முதல் நம்பிக்கை. மேற்கே தெரியும் பூலாய் மலை அவருக்கு அளவுகோல். மலையின் உச்சி மேகத்தில் மறைந்தால் ஒரு கணக்கு, இடுப்பு வரை மறைந்தால் வேறு கணக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிறிய பலூனைப் பறக்கவிட்டு, அது மேகத்துக்குள் காணாமற்போகும் வரை வினாடிகளை எண்ணியதையும் சொன்னார். பலூன் ஏறும் வேகம் தெரியும். வினாடியால் பெருக்கினால் மேகம் தொடங்கும் உயரம். அதை இவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான்தான் வாயைப் பிளந்தேன்.

குளுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்வெட்டுத் தொழிலாளரின் மகளாகப் பிறந்தவர் அக்கா. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்தார். இடைநிலைப் பள்ளியில் எல்லாம் மலாய். பன்னிரண்டு வயதோடு எழுதுவது நின்றுபோன தமிழை, முப்பது வயதுக்கு மேல் பத்திரிகை படித்துத்தான் திரும்பப் பிடித்தார். அவருக்குச் சொல் வரும், ஒற்று வராது. எங்கே ‘க்’ போட வேண்டும், எங்கே போடக் கூடாது என்பதில் ஒவ்வொரு கட்டுரையிலும் பத்துப் பதினைந்து இடங்களில் தடுமாறுவார். நான் திருத்திய தாளைக் கேட்டு வாங்கி, என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, திருத்தங்களை ஒரு சிறிய குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். ஒரு நாள், “எதுக்கு அக்கா இவ்வளவு கஷ்டம்?” என்று கேட்டேன்.

“வானத்தை மலாய்ல பேசறோம், இங்கிலீஷ்ல அனுப்பறோம், சார். வீட்டுக்கு வந்து தமிழ்ல சொன்னாத்தான் நான் பார்த்த மாதிரி இருக்கு” என்றார்.

அவருக்கு ஒரே மகள். அப்போது தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. அம்மாவின் கட்டுரைகளை வெட்டி ஒரு பழைய நாட்குறிப்பில் ஒட்டிவைக்கிறாள் என்று அக்கா ஒவ்வொரு தடவையும் சொல்வார். தன் பெயர் அச்சில் வருவதைவிட மகள் அதை ஒட்டுவதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

அந்த வாரக் கட்டுரைக்குக் காரணம் ஒரு வாசகியின் கேள்வி. குளுவாங்கைச் சேர்ந்த அந்த அம்மாள், ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் வேலை பார்க்கும் மகனிடம் போய் ஒரு மாதம் தங்கிவிட்டு வந்திருந்தார். ‘அங்கே மேகம் எங்கேயோ உயரத்தில் இருக்கிறது. நம் ஊரில் செம்பனை மரத்தில் மோதுவதுபோல் வருகிறது. உலகத்துக்கே ஒரு வானம்தானே, மேகம் மட்டும் ஏன் ஊருக்கு ஊர் உயரம் மாறுகிறது?’ என்று எழுதியிருந்தார். கடிதத்தை அக்காவிடம் கொடுத்தபோது அவர் முகம் மலர்ந்தது. தான் வேலை பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி என்றார்.

அவர் எழுதிய பதில் இன்றும் எனக்கு வரிவரியாகத் தெரியும். நம் காற்றில் ஈரம் அதிகம். அது கொஞ்சம் ஏறிக் கொஞ்சம் குளிர்ந்தாலே போதும், மேகமாகிவிடும். வறண்ட நாட்டுக் காற்றில் ஈரம் குறைவு. அது வெகுதூரம் ஏறி நன்றாகக் குளிர்ந்தால்தான் மேகமாகும். அதனால் அங்கே மேகம் உயரத்தில் தொடங்குகிறது. மலைப் பிரதேசத்தில் மேகம் முகத்தில் படுவது மேகம் இறங்கியதால் அல்ல, நாம் ஏறியதால். இவ்வளவையும் சொல்லிவிட்டு இப்படி எழுதியிருந்தார்: ‘நம் நாட்டில் மேகத்தின் அடி ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் அடியில் இருக்கும். வறண்ட நாட்டில் மேகத்தின் அடி பத்தாயிரம் அடியில்கூட இருக்கும். ஆனால் உச்சி அப்படி அல்ல. நம் இடிமேகத்தின் உச்சி ஐம்பதாயிரம் அடியையும் தாண்டும். துருவத்துக்குப் பக்கத்தில் அதில் பாதி வந்தாலே பெரிது. அடியைப் பார்த்தால் நம் மேகம் தாழ்ந்தது. உச்சியைப் பார்த்தால் நம் மேகம்தான் உயர்ந்தது.’

அதைவிடத் தெளிவாக எழுத முடியாது. ஆனால் சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கு நான் அதைப் படித்தபோது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒரே வரியில் ‘அடி’ இரண்டு தடவை வருகிறது. ‘மேகத்தின் அடி ஆயிரத்து ஐந்நூறு அடி’ என்றால் காதுக்கு நன்றாக இல்லை. அளவைக் குறிக்கும் அடியைத் தொட முடியாது. முதல் அடியை எடுத்துவிட்டு ‘உயரம்’ என்று போட்டேன். ‘மேகத்தின் உயரம் ஆயிரத்து ஐந்நூறு அடி.’ வாக்கியம் நிமிர்ந்துகொண்டது. அடுத்த வரிகளுக்குப் போனேன். மேகத்தின் உயரமே ஆயிரத்து ஐந்நூறு அடி என்றால், அதே மேகத்தின் உச்சி எப்படி ஐம்பதாயிரம் அடியாகும்? அக்கா குழம்பிவிட்டார் என்று முடிவு செய்தேன். குழப்பத்தைக் கொண்டுவந்தவன் நான் என்பது தோன்றவே இல்லை. விளம்பரம் ஒன்று வந்து இடமும் குறைந்திருந்தது. அந்த வரிகளைக் கட்டம் கட்டி நீக்கினேன். அக்கா அன்று பணியில் இருந்தார். அவர் பிரிவின் தொலைபேசி எண் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. எடுத்துக் கேட்டிருக்கலாம். ஒற்றுக்கூடச் சரியாகப் போடத் தெரியாதவரிடம் நான் எதைக் கேட்பது என்று நினைத்தேன். அப்படி வார்த்தையாக நினைக்கவில்லை. ஆனால் கை தொலைபேசிப் பக்கம் போகாததற்கு வேறு காரணம் இல்லை. கடைசியில் கட்டுரைக்கு நானே தலைப்பும் வைத்தேன்: ‘உலகிலேயே தாழ்ந்த மேகம் நம் மேகம்!’ ஆச்சரியக்குறியும் என்னுடையதுதான்.

மறுநாள் காலை, தமிழ்ப்பள்ளிகளுக்கிடையிலான அறிவியல் புதிர்ப்போட்டி ஒன்று நடந்தது. செய்தி எடுக்க நான் போனேன். மண்டபத்தில் பெற்றோரும் ஆசிரியர்களுமாக நல்ல கூட்டம். அக்காவின் மகள் மேடையில் இருந்தாள். அக்காவுக்குக் காலைப் பணி. வரவில்லை, அன்றைய நாளிதழையும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. மகள் பார்த்திருந்தாள். அவள் சட்டைப்பையில் மடித்து வைத்த பத்திரிகைத் துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய் ஒட்டுவதற்காக அன்று காலையிலேயே வெட்டியிருக்கிறாள்.

இறுதிச் சுற்றில் ஒரு கேள்வி வந்தது. இடிமேகங்கள் எந்தப் பகுதியில் அதிக உயரம் வரை வளர்கின்றன, வெப்பமண்டலத்திலா, துருவப் பகுதியிலா? அவள்தான் முதலில் மணியை அடித்தாள். “துருவப் பகுதி” என்றாள். நடுவராக இருந்த ஆசிரியர் தவறு என்றார். அவள் உட்காரவில்லை.

“இல்ல சார், எங்க அம்மா பேப்பர்ல எழுதியிருக்காங்க. நம்ம மேகம்தான் உலகத்துலயே தாழ்ந்தது.” துண்டை எடுத்து விரித்தாள். “அம்மா வானிலையில வேலை செய்றாங்க.”

நடுவர் துண்டை வாங்கிப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் அல்லர். கூட்டத்தைச் சிரிக்க வைக்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.

“உங்க அம்மா மேகத்தை அண்ணாந்து பார்த்தாங்களா, குனிஞ்சு பார்த்தாங்களா?”

மண்டபம் சிரித்தது. முதல் வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அது விளங்கியது. அடி என்றால் அடிப்பக்கம். ‘மேகத்தின் அடி’ என்றால் மேகம் தொடங்கும் இடம். நான் நீக்கிய நான்கு வரிகளில்தான் இந்தக் கேள்விக்கான பதில் இருந்தது. எழுந்து, ‘அம்மா சரியாகத்தான் எழுதினார், திருத்தியவன் நான்’ என்று சொல்ல எனக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்பட்டிருக்காது. பேனாவின் மூடியைக் கழற்றினேன், மாட்டினேன். அந்தப் பெண் துண்டைத் திரும்ப வாங்கி, ஏற்கெனவே இருந்த மடிப்பிலேயே மடித்து, உட்கார்ந்துவிட்டாள். அவள் பள்ளி இரண்டாம் இடத்தில் முடித்தது. நான் செய்தியில் அதை எழுதினேன். சிரிப்பை எழுதவில்லை.

திங்கட்கிழமை அக்கா வந்தார். அன்று கீழே அண்ணாந்து பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் சன்னல் பக்கம் போகவில்லை. நாளிதழை என் மேசையில் விரித்து வைத்தார். குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன்.

“சார், நான் இப்படியா எழுதினேன்?”

“அப்படித்தான் வந்துச்சு, அக்கா.”

“உச்சியைப் பத்தி எழுதினதா ஞாபகம். ‘அடி’ன்னு போட்டதாவும் ஞாபகம். நான் எழுதின தாளைக் கொஞ்சம் காட்டறீங்களா?”

தாள் என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது. “அச்சுக்குப் போனதும் பழைய தாளெல்லாம் தூக்கிப் போட்டுடுவோம்” என்றேன். அவரிடம் நகல் கிடையாது. பதிவேட்டில் எழுதிப் பழகியவர் என்பதால் எதையும் ஒரே தடவைதான் எழுதுவார். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். அவர் எழுதியது அவருக்கு முழுதாக நினைவு வந்துவிடுமோ என்ற பயத்தில் மேலும் பேசினேன்.

“அப்படியே ‘அடி’ன்னு எழுதியிருந்தாலும் அது தப்புதான் அக்கா. அடின்னா படிக்கிறவங்களுக்கு நீள அளவுதான் தோணும். தமிழ்ல அப்படி எழுத மாட்டாங்க.”

“மரத்துக்கு அடி இருக்கு. குடத்துக்கு அடி இருக்கு. மேகத்துக்கு இருக்கக் கூடாதா சார்?”

“மேகம் என்ன குடமா அக்கா?” என்றேன். பக்கம் வடிவமைக்கும் நண்பர் சிரித்தார். அடுத்த மேசையில் இருந்தவரும் சிரித்தார். அக்காவும் சிரிக்க முயன்றார்.

“அப்ப கிளவுட் பேஸுக்குத் தமிழ்ல என்ன சார் சொல்றது?”

“பார்த்துச் சொல்றேன்” என்றேன். எனக்குத் தெரியாது. அவர் கண்டுபிடித்து வைத்திருந்ததைவிட நல்ல சொல் இன்றுவரை எனக்குத் தெரியாது.

போகும்போது நின்று, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். “நேத்து மக வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. தமிழ் தெரியலன்னா ஏம்மா எழுதறீங்கன்னு கேக்கறா. நான் என்ன சொல்றது, அவ கேக்கறதும் நியாயம்தானே?” என் பதிலுக்குக் காத்திருந்தார். ‘நியாயமில்லை’ என்ற ஒரு சொல் போதும். நான் தொலைபேசி எடுப்பதுபோல் பாவனை செய்தேன். அவர் படியிறங்கும் சத்தம் நின்றதும், இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்து, நான்காகக் கிழித்தேன்.

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஆசிரியர் அழைத்தார். இரண்டு பள்ளிகள் புகார் செய்திருந்தன. “யாருய்யா தப்பு? எழுதினவங்களா, நாமளா?” என்றார். “எழுதினவங்கதான்” என்றேன். திருத்தக் குறிப்பு ஒன்று போடச் சொன்னார். நானே எழுதினேன். ‘சென்ற வாரம் வெளியான மேகங்கள் பற்றிய கட்டுரையில் கட்டுரையாளரின் கவனக்குறைவால் தவறான தகவல் இடம்பெற்றுவிட்டது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டுகிறோம்.’ அதில் ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை.

இதை எத்தனையோ தடவை எனக்கு நானே விளக்கிக்கொண்டிருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயமா? இல்லை. இப்படிப்பட்ட தவறுக்கு ஆசிரியர் இரண்டு வார்த்தை திட்டுவார், அதோடு முடிந்தது. அந்த மாடியில் தமிழ் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. வேறு எதுவும் எனக்கு இருந்ததாகச் சொல்ல முடியாது. தோட்டத்துப் பள்ளியில் ஆறு ஆண்டு படித்த ஒருவர் சரியான சொல்லைப் போட்டார், நான் அதை வெட்டினேன் என்று வெளியே தெரிவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவருக்குச் சொல் தெரியும் என்ற பெயரைப் பறித்துத்தான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அக்கா கட்டுரை தரவில்லை. நானும் கேட்கவில்லை. அவருடைய இடத்தில் சமையல் குறிப்பு வந்தது. ஓராண்டு கழித்து பெக்கான் நானாஸில் ஓர் அறிவியல் விழாவுக்கு அவரைப் பேச அழைத்திருக்கிறார்கள். ‘என் தமிழ் அவ்வளவு நல்லா இருக்காது, வேற ஆளைப் பாருங்க’ என்று சொல்லிவிட்டாராம். அழைத்தவரே என்னிடம் இதைச் சொல்லி, “அந்தம்மா நல்லாத்தானே எழுதினாங்க?” என்று கேட்டார். அப்போதும் ஒரு வாய்ப்பு இருந்தது. “ஆமாம், நல்லாத்தான் எழுதினாங்க” என்று சொல்லிவிட்டு விழாவின் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

சென்ற ஆண்டு ஓய்வுபெற்றேன். இந்த ஆண்டு தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவில் குடியேறிய என் மகளைப் பார்க்கப் போனேன். கடற்கரையிலிருந்து உள்ளே ஒரு நாள் காரில் போகும் தூரத்தில் அவர்கள் ஊர். தரை வெடித்துக் கிடந்தது. காற்று உதட்டைக் காயவைத்தது. பிற்பகலில் வெள்ளை மேகங்கள் வந்தன. நம் ஊரில் தினமும் பார்க்கும் அதே வகை, அதே வடிவம். ஆனால் எவ்வளவு உயரத்தில்! அவற்றின் நிழல் வயலில் ஓடுவதைப் பார்த்துவிட்டு எந்த மேகத்தின் நிழல் என்று தேட வேண்டியிருந்தது. குளுவாங் அம்மாளின் கேள்வி எனக்கு அங்கே நின்றபோதுதான் உண்மையான கேள்வியாகத் தெரிந்தது. ஊர் திரும்பும்போது சன்னலோர இருக்கை. ஜொகூருக்கு மேலே விமானம் நெடுநேரம் வெள்ளைக்குள் போய்க்கொண்டே இருந்தது; இறங்கி இறங்கி, இனித் தரையில்தான் மோதும் என்று நினைத்த கட்டத்தில் சட்டென்று வெளியே வந்தது. கீழே செம்பனை மட்டைகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. மேலே பார்த்தேன். மேகங்கள் எல்லாம் ஒரே மட்டத்தில், கண்ணாடிப் பலகைமேல் வரிசையாக வைத்ததுபோல் நின்றன. ஒவ்வொன்றுக்கும் தட்டையான, சாம்பல் நிறமான ஓர் அடி இருந்தது. நான் அச்சேற்றிய தகவல் தவறு என்பது அந்தப் போட்டி மண்டபத்திலேயே எனக்குத் தெரியும். அக்கா போட்ட சொல்தான் சரியான தமிழ் என்பதை மட்டும் அதுவரை எனக்குள்கூட நான் ஒப்புக்கொண்டதில்லை.

அக்கா இப்போது பெர்மாஸ் ஜெயாவில் இருக்கிறார் என்று விசாரித்து அறிந்தேன். ஒரு சனிக்கிழமை காலை, முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனேன். தொடர்வீடு, இரும்புக் கதவு, உள்ளே ஒரு சின்ன கார். தலை முழுதும் நரைத்திருந்தது. கதவைத் திறந்துகொண்டே, “வாங்க சார், என்ன இத்தனை வருஷத்துக்கு அப்புறம்? சந்தா வாங்க வந்தீங்களா?” என்று சிரித்தார். பால் சேர்க்காத தே ஓ போட்டுக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை. குடித்த பிறகு சொல்வது இன்னும் மோசம் என்று பட்டது. சனிக்கிழமை மூன்றரை மணியிலிருந்து தொடங்கி, இரண்டாவது இழுப்பறை, கிழித்தது, திருத்தக் குறிப்பு என்று வரிசையாகச் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லைக் கடைசியில் வைத்திருந்தேன். அதற்கு முன்பே அவர் கேட்டார்.

“அப்ப நான் ‘அடி’ன்னுதான் எழுதினேனா?”

“ஆமாம் அக்கா.”

“ரெண்டு இடத்துலயும்?”

“மூணு இடத்துல. மூணாவது, நான் வெட்டின பகுதியில இருந்துச்சு.”

தலையை ஆட்டினார். தொலைபேசியில் வரும் எண்ணைச் சரிபார்த்து எழுதிக்கொள்பவரைப் போல் இருந்தது. “கோயில்ல நோட்டீஸ் எழுதித் தரச் சொன்னாங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கட்டுரை சொல்லித் தரச் சொன்னாங்க. எல்லாத்துக்கும் மாட்டேன்னுட்டேன் சார். எதை எழுத உட்கார்ந்தாலும், மேகம் என்ன குடமான்னு யாரோ கேக்கற மாதிரியே இருக்கும்.” யாரோ என்றார். நான்தான் என்று அவருக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்டேன். அவர் மாடிப்படிப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டார்.

மகளுக்கு இப்போது முப்பதுக்கு மேல் இருக்கும். சிங்கப்பூரில் வேலை, வார இறுதியில் வீட்டில் இருப்பாள். இடைநிலைப் பள்ளியில் தமிழ்ப் பாடமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்பதை அக்கா சற்று முன்புதான், குற்றச்சாட்டாக இல்லாமல், என்னிடம் சொல்லியிருந்தார். கையில் கைப்பேசியோடு இறங்கி வந்து, “ஹலோ அங்கிள்” என்றாள்.

“சொல்லுங்க சார்” என்றார் அக்கா. “என்கிட்ட சொன்னதை இவகிட்டயும் சொல்லுங்க.”

தமிழில் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். “சாரி அங்கிள், அடின்னா ஃபீட்தானே?” எனவே ஆங்கிலத்தில் சொன்னேன். ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கியதும் என் குற்றம் என் வாயிலேயே கரையத் தொடங்கியது. அங்கே மேகத்தின் அடிக்கு ஒரு சொல், நீளத்துக்கு வேறு சொல். இரண்டுக்கும் ஓர் எழுத்துகூட ஒட்டாது. ஒன்றை மற்றொன்றாக எப்படி நினைத்தேன் என்று விளக்க விளக்க, யாரும் செய்ய முடியாத ஒரு தவறைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அவள் பொறுமையாகக் கேட்டாள். போட்டியைப் பற்றிச் சொன்னபோது மட்டும் கைப்பேசியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள். முடித்ததும் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

“நான் அப்பவே சொன்னேன்ல மா. இங்கிலீஷ்ல எழுதியிருந்தா இந்தப் பிராப்ளமே வந்திருக்காது. ரெண்டும் வேற வேற வேர்ட். தமிழ்ல சயன்ஸ் எழுதினா இப்படித்தான் ஆகும் லா.”

நான் அவளை மறுத்திருக்க வேண்டும். அந்த உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. ஒரு பொய்யைத் திருத்த வந்து, இன்னொன்றுக்குச் சான்று கொடுத்துவிட்டேனோ என்று என் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா குரலை உயர்த்தவில்லை.

“தமிழ் மேல ஒரு தப்பும் இல்ல. நான் எழுதினதுலயும் தப்பில்ல.” நாற்காலியிலிருந்து கையை மட்டும் நீட்டி என்னைக் காட்டினார். “இவர் மேலதான் தப்பு.”

மகள் என்னைப் பார்த்தாள். பதினொரு வயதில் துண்டுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடுவரைப் பார்த்த அதே கண்கள். நான் மறுப்பேனா என்று காத்திருந்தன.

“ஆமாம்மா. என் தப்புதான்” என்றேன்.

அதை அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.